மைக்கறையில் ஆட்டுத்தோல்

மனிதர்களின் குணத்தை அளந்து சொல்வது என் தொழில். இந்தத் தொழிலில் உள்ள பெரிய கஷ்டம், ஊரில் ஒவ்வொருவரும் இதைக் கூலி வாங்காமலே செய்துகொண்டிருக்கிறார்கள் என்பதுதான். பெண் பார்க்கப் போனவர்கள், வேலைக்கு ஆள் எடுத்தவர்கள், வீட்டில் குடித்தனம் வைத்தவர்கள் எல்லோரும் என் கட்சி. நீங்களும் ஒருவரை ஒரு வேளை பார்த்துவிட்டு, ‘இவர் தங்கமானவர்’ என்று முடிவுகட்டி, பிறகு மாதக்கணக்கில் முழித்திருப்பீர்கள். நான் அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சென்னைக் கல்லூரியில் நான் தத்துவம் படித்தபோது மனத்தத்துவமும் ஒரு பாடமாக இருந்தது. எங்கள் பேராசிரியர் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்தவர். வியன்னாவில் ஒரு டாக்டர், மனிதனின் குணமெல்லாம் அவனுக்கே தெரியாத ஆசைகளிலிருந்து வருகிறது என்கிறார்; அவரோடு கோபித்துக்கொண்டு பிரிந்துபோன இன்னொரு டாக்டர், இல்லை, சிறு வயதில் பட்ட தாழ்வு உணர்ச்சியிலிருந்து வருகிறது என்கிறார். இந்தச் சண்டையெல்லாம் கப்பலேறி எங்கள் வகுப்புக்கு வரும்போது, பக்கத்துத் தெருவில் நேற்று நடந்த சண்டை மாதிரி இருக்கும். எனக்கு அந்த நாட்களில் சாப்பாடுகூட இரண்டாம்பட்சம்தான். மைக்கறை அட்டைகள், ஒரு சொற்பட்டியல், ஒரு ஸ்டாப் வாட்ச், அமெரிக்காவில் அச்சான ஒரு கேள்வித்தாள், இவற்றை ஒரு தகரப் பெட்டியில் போட்டுக்கொண்டு உலகத்தையே அளந்துவிடலாம் என்று புறப்பட்டேன். பெட்டி ஆம்பூரில் இறங்கியது.

சாயபு ஆள் எடுத்த விதம்

ஆம்பூரில் கரீம் சாயபுவுக்கு ஒரு பெரிய தோல் ஷாப் இருந்தது. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். அவர் ஜெர்மனிக்குத் தோல் சந்தை பார்க்கப் போனபோது, அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலைக்கு வருகிறவர்களை உட்காரவைத்துக் குணம் பரீட்சை செய்வதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்ததும் அதே நினைப்பு. என் பேராசிரியர் மூலம் என்னைப் பிடித்தார்.

நான் கோட்டும் டையுமாகப் போய் நின்றேன். சான்றிதழை எடுத்து நீட்டினேன். அவர் அதை வாங்காமல், என் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துப் பார்த்தார். வெளியே சுண்ணாம்புத் தொட்டிகளின் நெடி மூக்கைத் துளைத்தது. கைக்குட்டையை எடுக்கக்கூடாது என்று நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதை அவர் கவனித்திருக்க வேண்டும். சிரித்துக்கொண்டே சொன்னார்: “நம்ம கிட்ட தோலுக்குத் தரம் பாக்க ஆளு இருக்கு மாஸ்டர், ஆளுக்குத் தரம் பாக்கத்தான் யாரும் இல்ல. நாளைக்கே வந்துடுங்க.”

தள்ளுபடி சரக்கு

தோலை ஊறவைக்கிற ஆவாரம்பட்டையை அடுக்கி வைக்கும் கிடங்கை ஒட்டி எனக்கு ஓர் அறை கொடுத்தார்கள். முதல் ஆளாக வந்தவர் முனுசாமி மேஸ்திரி. தோல் ஷாப்பில் அவர் குரல் கேட்காத மூலை கிடையாது. தொட்டியில் இறங்கினவர்களைக் கிண்டல் செய்வார், வண்டிக்காரனோடு அரசியல் பேசுவார், சாயபுவிடமே தமாஷ் பண்ணுவார். தொழிலாளிகளுக்கு அவர் மேல் உயிர்.

மைக்கறை அட்டை என்பது வேறொன்றுமில்லை. காகிதத்தில் மையைக் கொட்டி இரண்டாக மடித்துப் பிரித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு கறை. அதில் என்ன தெரிகிறது என்று ஒவ்வொருவரும் சொல்வதிலிருந்து அவர்கள் மனம் வேலை செய்கிற விதத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஒரு சுவிஸ் டாக்டர் சொல்லியிருந்தார். முனுசாமி முதல் அட்டையைப் பார்த்து, “ஆட்டுத்தோல்” என்றார். இரண்டாவதும் ஆட்டுத்தோல்தான், ஆனால் கழுத்துப் பக்கம் உண்ணி கடித்தது. மூன்றாவது கன்றுக்குட்டித் தோல், உரித்தவன் கத்தியை ஆழமாக விட்டுவிட்டான். எனக்குக் கை பரபரத்தது. ஓர் அட்டையில் பலரும் மிருகத்தோலைத்தான் பார்ப்பார்கள் என்று அந்த டாக்டரே எழுதியிருக்கிறார். சுவிட்சர்லாந்தும் ஆம்பூரும் ஒரே பதிலைச் சொன்னதில் எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. எல்லா அட்டையிலும் தோலே தெரிந்தால் என்ன அர்த்தம் என்று மட்டும் அவர் எழுதவில்லை.

முனுசாமி அட்டைகளை அடுக்கி என் பக்கம் தள்ளினார். “எல்லாமே தள்ளுபடி சரக்கு வாத்தியாரே. யாரு கிட்ட வாங்கினீங்க?”

இழுக்கிற இரண்டு பேர்

அன்று மாலை வரை ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலுமாகவே போயிற்று. கடைசியாக ஆரோக்கியம் வந்தார். தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டும் வேலை அவருக்கு. ஒல்லியான ஆள். பேசவே மாட்டார். கூட வேலை செய்கிறவர்கள் கூலி நாளன்று ஆள் கணக்கெடுக்கும்போது அவரை மறந்துவிடுவார்களாம். அவரும் ஞாபகப்படுத்தாமல் நிற்பாராம்.

அட்டையைக் கையில் வாங்கினார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று நான் எட்டிப் பார்த்த நேரத்தில், “ரெண்டு பேரு எதிரெதிர நின்னு ஒரு கூடைய இழுக்கறாங்க” என்றார். நான் எழுந்தே நின்றுவிட்டேன். கறையில் மனிதர்களைப் பார்க்கிறவர்கள், அதிலும் அசைகிற மனிதர்களைப் பார்க்கிறவர்கள், வெளியே எவ்வளவு அமைதியாக இருந்தாலும் உள்ளே ஒரு முழு நாடகக் கொட்டகையை வைத்திருக்கிறவர்கள் என்பது அந்த டாக்டரின் கணக்கு. அத்தனை பேரில் மனிதனைப் பார்த்த முதல் ஆள் இவர்தான். யார் ஜெயிப்பார் என்று கேட்டேன். அந்தக் கறையில் முகம் என்று ஒன்றும் கிடையாது. ஆனாலும் ஆரோக்கியம் அட்டையை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இந்தப் பக்கத்து ஆளு விட்டுடுவான் சார். மூஞ்சியப் பாருங்க, அவனுக்கு வீட்டு ஞாபகம் வந்துடுச்சு.”

ஆமாம், இல்லை

அமெரிக்கக் கேள்வித்தாளை நானே தமிழாக்கினேன். கேள்விக்கு ‘ஆமாம்’ அல்லது ‘இல்லை’ என்று சொன்னால் போதும். எழுத்து தெரியாதவர்களுக்கு நான் படித்துக் காட்டுவேன். ‘உங்களை யாரோ கவனித்துக்கொண்டே இருப்பதாகத் தோன்றுகிறதா?’ என்ற கேள்விக்கு எல்லோரும் ஆமாம் என்றார்கள். எனக்குப் பகீரென்றது. பிறகு பார்த்தால், வேலை நேரம் வீணாகிறதே என்று முனுசாமி மேஸ்திரி ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ‘காரணமில்லாமல் களைப்பாக உணர்கிறீர்களா?’ என்பதற்கு, காரணம் இருக்கிறதே, அதை எங்கே எழுதுவது என்று கேட்டார்கள்.

இன்னும் மோசம், நாள் போகப் போகப் பதில்கள் எல்லாம் ஒரே அச்சாக வந்தன. யாருக்கும் கோபம் வரவில்லை, பொறாமை வரவில்லை, ராத்திரி தூக்கம் கெடவில்லை. இவ்வளவு சாந்தமான மனிதர்கள் ஒரே இடத்தில் சேர்ந்தது எப்படி என்று சந்தேகப்பட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்த ஒரு பெரியவரை விசாரித்தேன். அவர் மறைக்கவே இல்லை. “எந்த பதில் சொன்னா வேல நிக்கும்னு வெளிய பேசி முடிவு பண்ணிட்டுத்தான் உள்ள வர்றோம் சார், உங்களுக்கும் சிரமம் கம்மி பாருங்க.”

வீட்டில் ஒரு பரீட்சை

வேறொரு சுவிஸ் டாக்டர், மனிதர்களில் பெரிய பிரிவு இரண்டு என்று எழுதியிருந்தார். ஒருவகையினரின் மனம் வெளியே பார்க்கும். நாலு பேர் இருந்தால்தான் அவர்களுக்குத் தெம்பு. இன்னொருவகையினரின் மனம் உள்ளே பார்க்கும். கூட்டம் கலைந்த பிறகுதான் அவர்களுக்கு மூச்சு வரும். வெளிமுகம், உள்முகம் என்று நான் பெயர் வைத்துக்கொண்டேன். அதைப் படித்த அன்று சந்தோஷம் தாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி கிரேஸ் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு விளக்கினேன். நான் உள்முகம், அதனால்தான் கல்யாண வீடுகளில் தூணுக்குப் பின்னால் நிற்கிறேன், உன் அண்ணன்மார் வந்தால் புத்தகத்தை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் என்னைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். உண்மையிலேயே நிம்மதி அடைந்த குரலில் சொன்னாள்: “அதுக்குப் பேரு இருக்குதாங்க? இத்தினி வருஷமா நான் அத திமிருன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

ஜெர்மனிக் கத்தி

சாயபு ஜெர்மனியிலிருந்து ஒரு கத்தி கொண்டுவந்திருந்தார். இரண்டு பக்கமும் பிடி வைத்து, நடுவில் நீளமான அலகு. மாதிரிக்காக அலுவலக அறையில் வைத்திருந்தார். தோலில் பட்டதே கிடையாது. ஒருநாள் அதைக் காணோம். சந்தேகம் ஆரோக்கியத்தின் மேல் விழுந்தது. காரணம் ஒன்றுதான்: அவர் பேசுவதில்லை. கேட்டதற்கு, “நான் எடுக்கலீங்க” என்று ஒரு தடவை சொன்னார், அதோடு நிறுத்திக்கொண்டார். நிரபராதியாக இருந்தால் இன்னும் நாலு வார்த்தை பேசமாட்டானா என்றார்கள். சாயபு போலீசுக்குச் சொல்லி அனுப்பக் கிளம்பினார். ஆரோக்கியத்துக்கு மூன்று பெண் குழந்தைகள். திருட்டுப் பட்டம் கட்டி அனுப்பினால் வாணியம்பாடி வரைக்கும் எந்தத் தோல் ஷாப்பிலும் சேர்க்கமாட்டார்கள்.

ஒரே ஒரு நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். சொற்பட்டியலை எடுத்தேன். நான் ஒரு சொல் சொல்வேன். உடனே மனதில் தோன்றும் சொல்லை அவர் சொல்ல வேண்டும். மனதில் எதையாவது ஒளித்து வைத்திருந்தால் அதைத் தொடுகிற சொல் வரும்போது நாக்கு தயங்கும், கடிகாரம் அதைக் காட்டிக்கொடுக்கும். சாதாரணச் சொற்களுக்கு நடுவே கத்தி, பிடி, ஜெர்மனி என்று தூவி வைத்தேன். அலுவலக அறைக்குள் போய்வந்த ஒவ்வொருவரையும் உட்காரவைத்தேன். முனுசாமி எல்லாச் சொல்லுக்கும் ஒரு கதையே சொன்னார். ஆரோக்கியம் ‘மழை’க்குக் ‘குடை’ என்ற அதே வேகத்தில் ‘கத்தி’க்குக் ‘கூர்’ என்றார். எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. ஆனால் யாருடைய நாக்கும் தயங்கவில்லையே.

சந்தேகமே இல்லாத ஒருவரின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று சாயபுவை உட்காரச் சொன்னேன். வேடிக்கையாக ஒப்புக்கொண்டார். மாடு என்றேன், தோல் என்றார். கப்பல் என்றேன், லண்டன் என்றார். கத்தி என்றேன். கடிகாரம் ஓடியது. அவர் வாயைத் திறந்தார், மூடினார். இன்னும் ஓடியது. “பலாப்பழம்” என்றார். சொன்னவர் அப்படியே என்னைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஏலகிரியிலிருந்து யாரோ அனுப்பிய பெரிய பலாப்பழத்தை அறுக்க வீட்டில் எந்தக் கத்தியும் போதாமல், அவரே அந்தக் கத்தியை எடுத்துக்கொண்டு போய், பிறகு மறந்தும் போயிருக்கிறார். ஆளனுப்பினார், சமையல்கட்டில் இருந்தது. அப்போதே ஆரோக்கியத்தைக் கூப்பிட்டு, எல்லோர் எதிரிலும் தோளில் கைபோட்டு, தப்பு என்னுடையது என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “மாஸ்டர், அந்தக் கடியாரத்த இனிமே நம்ம பக்கம் கொண்டாராதீங்க, அது முதலாளி தொழிலாளி பாக்கறதில்ல.”

மண்டை பார்ப்பவர்

பெங்களூரிலிருந்து ஒருவர் களிமண் தலையோடு ஆம்பூர் பஜாருக்கு வந்து இறங்கினார். அந்தத் தலை முழுக்கக் கோடு போட்டு, இது அன்பு, இது பேராசை, இது வியாபாரத் திறமை என்று எழுதியிருந்தது. மண்டையில் எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தடவிப் பார்த்துக் குணம் சொல்வார். போன நூற்றாண்டிலேயே பெரிய படிப்பாளிகள் இதைக் கைவிட்டுவிட்டார்கள். அது பஜாருக்குத் தெரியவில்லை. என் அறைக்கு வராத கூட்டம் அவர் கடைக்குப் போயிற்று.

அந்த நேரத்தில்தான் சாயபுவுக்கு ஒரு புது ஏஜென்ட் தேவைப்பட்டது. இங்கே பதனிட்ட தோலைச் சென்னைப் பெரியமேட்டுக்குக் கொண்டுபோய், ஏற்றுமதிக் கம்பெனிகளின் தரகர்களிடம் விலை பேசி விற்க வேண்டும். ஷாப்பின் வரும்படியே அந்த ஆள் கையில். முனுசாமியும் ஆரோக்கியமும் தோலின் தரம் தெரிந்தவர்கள். சாயபு என்னையும் மண்டை பார்ப்பவரையும் கூப்பிட்டு எதிரெதிரே உட்காரவைத்து, ஆளைச் சொல்லுங்கள் என்றார். மண்டை பார்ப்பவர் முனுசாமியின் தலையைத் தடவி, வியாபார மேடு மலைபோல இருக்கிறது என்றார். ஆரோக்கியத்தின் தலையில் பேச்சுக்கான இடமே சமதரை என்றார். நான் ஆரோக்கியம்தான் என்றேன். எதிராளியின் முகத்தைப் படிக்கத் தெரிந்தவர் அவர். அவர் சரிப்படாவிட்டால் நான் பெட்டியைக் கட்டுகிறேன் என்றும் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் கிரேஸின் முகம் ஞாபகம் வந்தது.

மண்டை பார்ப்பவர் சும்மா இருக்காமல் என் தலையையும் தொட்டுப் பார்த்து, இவருக்குப் பிடிவாதம் அதிகம் என்று அறிவித்தார். சாயபு தாடியைத் தடவிக்கொண்டே சொன்னார்: “அது தெரிய எதுக்கு தலய தொடணும்? மாஸ்டர் கேட்டுல நுழையறப்பவே தெரியுதே.”

பெரியமேட்டில்

ஆளுக்கு ஒரு பயணம் என்று தீர்ப்பாயிற்று. முனுசாமி முதலில் போனார். தரகர்களோடு சேர்ந்து சாப்பிட்டார், சிரித்தார், எல்லோருக்கும் தோஸ்த் ஆகிவிட்டார். தோல் பதனிடும் புது மிஷின் கப்பலில் வந்துகொண்டிருக்கிறது, அதற்கு இடம் வேண்டும், சாயபு கிடங்கைச் சீக்கிரம் காலி பண்ண நினைக்கிறார் என்று அதையும் சிரிப்போடு சிரிப்பாகச் சொல்லிவிட்டார். அவசரக்காரன் சரக்குக்கு என்ன விலை கிடைக்குமோ அதுதான் கிடைத்தது.

அடுத்த தடவை ஆரோக்கியத்தோடு நானும் ரயிலேறினேன். காட்பாடியில் டீ வாங்கிக் கொடுத்தேன், தலையை ஆட்டினார். சென்னை வரும்வரை அதுதான் எங்கள் பேச்சு. தரகர் பெருத்த உடம்பும் கூர்மையான கண்ணுமாக இருந்தார். மாதிரித் தோலைப் புரட்டிவிட்டு, ஒரு விலை சொன்னார். ஆரோக்கியம் அவர் முகத்தைப் பார்த்தார். என் மைக்கறை அட்டையை எப்படிப் பார்த்தாரோ அப்படி. தரகர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சந்தை மந்தமாக இருக்கிறது என்றார். பதில் இல்லை. லண்டனில் கேட்பாரில்லை என்றார். பதில் இல்லை. சரி என்று தானே கொஞ்சம் ஏற்றினார். ஆரோக்கியம் எழுந்து மாதிரித் தோலைச் சுருக்கமில்லாமல் மடிக்க ஆரம்பித்தார். தரகர் அவரை உட்காரச் சொல்லி, இன்னும் ஏற்றினார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். விலை, சாயபு எதிர்பார்த்த இடத்தைத் தாண்டிப் போனது. அப்போது ஆரோக்கியம் வாயைத் திறந்து, “சரிங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையோடு வியாபாரம் முடிந்தது. வாசல் வரை வந்து வழியனுப்பிய தரகர், என்னைத் தனியாக ஒதுக்கிக் கேட்டார்: “இவரு ஊமையா சார், இல்ல நான்தான் ஜாஸ்தி பேசிட்டனா?”

நீலத் தண்ணீர்

ஜெயித்தது எனக்கே வினையாக வந்தது. ஆரோக்கியம் ஏஜென்ட் ஆனார். முனுசாமியை வேலையைவிட்டே நிறுத்திவிடலாம் என்றார் சாயபு. பரீட்சைதான் சொல்லிவிட்டதே என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார். இந்த வேலைக்கு இவர் பொருந்துவார் என்று பரீட்சை சொல்லும், ஆளே உதவமாட்டார் என்று எந்தப் பரீட்சையும் சொல்லாது என்று வாதாடினேன். மிஷின் ஓடுகிற வரைக்கும் இருக்கட்டும் என்று அரைமனதாக விட்டார்.

மிஷின் வந்தது. ஆளுயரத்துக்கு மேலே ஒரு மர உருளை. எஞ்சின் அதைச் சுற்றும். உள்ளே பட்டைச் சாற்றுக்குப் பதிலாக நீலமும் பச்சையுமாக ஒரு மருந்துத் தண்ணீர்; அதில் தோல் சீக்கிரம் பதமாகிவிடும். அந்தத் தண்ணீர் பட்டால் கை அழுகிவிடும், பிறக்கிற பிள்ளை நீலமாகப் பிறக்கும் என்று வதந்தி கிளம்பிற்று. ஒருவரும் கிட்டே போகவில்லை. சாயபு ஒரு முழுக் காலையும் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெளியூர் ஆட்களைக் கொண்டுவரப் போகிறேன் என்றார். அத்தனை பேரும் வாசலில் கூடிவிட்டார்கள்.

முனுசாமி பட்டைக்கட்டின் மேல் ஏறி நின்றார். என்ன பேசினார் என்று முழுவதும் சொல்ல முடியாது, பாதிக்குமேல் கிண்டல். என் கல்யாணச் சட்டைக்கு இந்தக் கலர்தான் தேடினேன், வேலூர் பூராவும் கிடைக்கவில்லை என்றார். யாரோ ஒருவர் சிரித்தார். சட்டைக் கையை மடித்துவிட்டுக் கீழே இறங்கினார். உருளையின் மூடியைத் திறந்து, பேசிக்கொண்டே ஒரு தோலைப் பிடித்து முழங்கை வரை கையை உள்ளே விட்டு முக்கி, வெளியே இழுத்துக் காட்டினார். சிரிப்பு பரவியது. ஒருவர் வந்தார், அப்புறம் இருவர், அப்புறம் எல்லோரும். பொழுது சாய்வதற்குள் உருளை ஓடியது. மிஷின் பகுதிக்கே முனுசாமியைத் தலைமை மேஸ்திரியாக்கினார் சாயபு.

வெளிமுகம் என்றால் இதுவல்லவா வெளிமுகம் என்று குதூகலத்தோடு அவரைத் தேடிப் போனேன். கிடங்குக்குப் பின்னால் கிணற்றடியில் தனியாக இருந்தார். கையைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தன் கதையைச் சொன்னார். சின்ன வயதில் திக்குவாயாம். பள்ளிக்கூடத்தில் எழுந்து பெயர் சொல்லக்கூட முடியாதாம். வியன்னா டாக்டரோடு சண்டை போட்டுப் பிரிந்தாரே, அந்த இன்னொரு டாக்டர், எந்த இடத்தில் மனிதன் தன்னைக் குறைவாக நினைக்கிறானோ அந்த இடத்தில்தான் கோட்டை கட்டுவான் என்று எழுதியதை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அதை நேரில் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீரைப் பார்த்தபடியே முனுசாமி சொன்னார்: “பேச்ச நிறுத்தினா உள்ள இருக்கற பயம் கேக்கும் வாத்தியாரே. அதான் நான் நிறுத்தறதே இல்ல.”

குணம் அளக்கிற தொழிலுக்கு நான் வாங்கிப்போட்ட சாமான்களில் இன்றுவரை பழுதில்லாமல் உழைப்பது, அடுத்தவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் உட்கார்ந்திருக்கிற நாற்காலி ஒன்றுதான்.